கண் இல்லாதவரைக் கண் சிமிட்டச் சொல்லும் நியாயம்

நம் நாட்டில் கண் தெரியாதவர்களிடம் காட்டப்படும் இரக்கத்திற்குக் குறைவே இல்லை. ரோட்டைக் கடக்க நின்றால் கையைப் பிடித்து இழுக்க நாலு பேர் வருவார்கள். டிசம்பர் 3-ந் தேதி வந்துவிட்டால் மேடை போட்டு, சால்வை போர்த்தி, படமும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அதே மனிதர், "என் கடிதத்தை நானே படிக்கவேண்டும், என் பணக் கணக்கை நானே பார்க்கவேண்டும்" என்று சொன்னால் மாத்திரம், இந்த இரக்கசாலிகள் அத்தனை பேரும், "அதெல்லாம் உங்களுக்கு ஏன்? வீட்டில் யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிடுகின்றார்கள். இந்த இரக்கத்தின் யோக்கியதையைப் பற்றித்தான் இன்று எழுத ஆசைப்படுகின்றோம்.

தோழர்களே! உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனை எடுத்துப் பாருங்கள். கண் தெரியாதவர் பிறர் தயவின்றிக் காரியம் பார்ப்பதற்கான கருவி அதற்குள்ளேயே வைத்துத்தான் விற்கப்படுகின்றது. ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். ஆண்ட்ராய்டு போன்களில் அநேகமாய் டாக்பேக். இரண்டும் 2009-ம் வருஷத்திலேயே வந்துவிட்டவை. தனி விலை ஒரு காசும் இல்லை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அணுகல்தன்மை' என்னும் இடத்தில் போய் ஒரு முறை திறந்துவிட்டால் போதும். விரல் எதன்மேல் படுகின்றதோ அதைப் போன் வாயால் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைச் சொல்லும். இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். தமிழிலும் படிக்கும். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, திரையை அடியோடு இருட்டாக்கிவிட்டும் வேலை செய்யலாம். அப்போது பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. போனுக்கு உடையவருக்கு எல்லாம் தெரியும்.

அன்றியும், காது கேளாதவருக்காக எதிரில் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் வசதி உண்டு. கை நடுங்குகின்றவருக்கும், பார்வை மங்கிய கிழவருக்கும், எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், ஒரே பொத்தானைக் கொண்டு போனை ஆளும் வசதியும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் நடப்பதென்ன? நமக்குத் தெரிந்த பார்வையற்ற தோழர் ஒருவர் ஒரு பாங்கிக்குப் போய், "போன் மூலம் பணம் அனுப்ப ஏற்பாடு செய்து கொடுங்கள்" என்று கேட்டார். அங்கிருந்த குமாஸ்தா மிக்க அன்போடு, "ரகசிய எண்ணை என்னிடம் சொல்லுங்கள், நானே போட்டுத் தருகின்றேன்" என்றாராம்! கண் தெரிந்தவரிடம் "யாரிடமும் சொல்லாதே" என்று போர்டு எழுதி வைக்கும் இடத்தில், கண் தெரியாதவரிடம் மாத்திரம் "என்னிடம் சொல்" என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். ரகசியமும் மானமும் கண்ணுள்ளவர்களுக்கு மாத்திரந்தானா சொந்தம்?

சரி, அவரே தம் போனில் அந்த பாங்கியின் செயலியைத் திறந்தார். போன் என்ன படித்தது? "பட்டன், பட்டன், பட்டன்" என்று மூன்று தரம் சொல்லி நின்றுவிட்டது. எது பணம் அனுப்பும் பட்டன், எது கணக்கை மூடும் பட்டன் என்று அதற்குத் தெரியாது. ஏனெனில், செயலி எழுதிய கெட்டிக்காரர்கள் பட்டனுக்குப் படம் போட்டார்களே தவிர, பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க வேண்டியது ஒரே ஒரு வரி! சர்க்கார் ஆபீஸ்களோ உத்தரவைக் காகிதத்தில் அச்சடித்து, அதைப் படம் பிடித்து வலைத்தளத்தில் போடுகின்றன. சில இடங்களில் பழைய எழுத்துருவில் போட்டுவிடுவதால், போன் அதைத் தமிழாகப் படிக்காமல் உளறுகின்றது.

எல்லாவற்றிற்கும் மேலான வேடிக்கை, கணக்குத் திறப்பவர் உயிருள்ள ஆள்தானா என்று அறிய, "காமிராவைப் பார்த்துக் கண் சிமிட்டு" என்று கேட்பது! கண்ணையே இழந்தவர் எதைச் சிமிட்டுவார்? திராவக வீச்சில் முகமும் இமையும் வெந்து போனவர்களும், பார்வையற்ற ஒருவரும் இதற்காக சுப்ரீம் கோர்ட்டு வரையில் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30-ந் தேதி அக்கோர்ட்டு, டிஜிட்டல் வசதியைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கூறும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று தீர்ப்புச் சொல்லி, கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் வைக்கும்படியும் உத்தரவிட்டது. உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒரு மனிதன் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்காரானாலும் தனியாரானாலும், விதிகள் வெளிவந்து இரண்டு வருஷத்திற்குள் தங்கள் சேவைகளை எல்லோரும் உபயோகிக்கும்படி செய்ய வேண்டும் என்கின்றது. விதிகள் வந்தது 2017-ல். கெடு 2019-லேயே தீர்ந்து போயிற்று. கடன்காரனுக்கு ஒரு நாள் கெடு தவறினால் அபராத வட்டி போடும் பாங்கிகள், தாங்கள் தவறிய வருஷங்களுக்கு யாருக்கு வட்டி கட்டின?

"கொஞ்சம் பேருக்காக இவ்வளவு செலவா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படியே இந்நாட்டில் பார்வைக் குறையுள்ளவர்கள் 50 லட்சத்திற்கு மேல். அது கிடக்கட்டும். ஆபீசில் பகலெல்லாம் விளக்கு எரிகின்றதே, அது யாருக்காக? கண் தெரியாதவருக்கு விளக்கு வேண்டியதில்லை. கண்ணுள்ளவர் பார்ப்பதற்காக ஆகும் அந்தச் செலவில் அவர் கட்டும் வரிப் பணமும் சேர்ந்துதான் இருக்கின்றது. அதை யாரும் தர்மம் என்று சொல்லுவதில்லை. அவருக்காகப் பட்டனுக்குப் பெயர் வைக்கும்போது மாத்திரம் அது எப்படித் தர்மம் ஆகிவிடும்?

முன்பெல்லாம் கண்ணில்லாதவரைப் பார்த்து, "உன் தலையெழுத்து அப்படி" என்றார்கள். இன்று படித்தவர்கள், "சிஸ்டம் அப்படி" என்கின்றார்கள். இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தலையெழுத்தை எழுதியவனை யாரும் கண்டதில்லை. இந்த சிஸ்டத்தை எழுதியவரோ மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினவர். எழுதியதை அவரே அழித்து எழுதலாம். எழுத வைக்கவும் முடியும்.

ஆகவே தோழர்களே! இரக்கப்பட்டது போதும். இன்றைக்கே உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பார்வையற்றவரிடமோ, கண் மங்கிய முதியவரிடமோ போய், அவர் போனிலேயே இருக்கும் இவ்வசதியைத் திறந்து காட்டுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பட்டனைத் தட்டாதீர்கள். அவரே தட்டும் வரையில் கூட இருங்கள். எந்த பாங்கியின் செயலி, எந்த ஆபீசின் பக்கம் ஊமையாய் இருக்கின்றதோ, அதன் தலைவருக்கு சட்டத்தையும் தீர்ப்பையும் குறித்து எழுதிக் கேளுங்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போவதைக் காட்டிலும், வழியில் போட்ட கல்லை எடுப்பதே மனிதத்தன்மை என்பது நமது அபிப்பிராயம்.