பட்டாசு நாட்டுக்கு ஒரு ரேடியோ!

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் இருக்கன்குடியில் கால் வைக்க இடம் இராது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் குடிகொண்டிருக்கும் மாரியம்மனைத் தரிசிக்க, சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை என்று நாலா திசைகளிலிருந்தும் லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். பலர் கால்நடையாகவே வருகிறார்கள். அன்றைக்கு அந்த ஊரில் ஓயாமல் உழைக்கும் சாதனம் ஒன்று உண்டு. அதுதான் ஒலிபெருக்கி! காணாமற்போன குழந்தை, பஸ் நிற்கும் இடம், குடி தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் அதுதான் சொல்ல வேண்டும்.

திருவிழா முடிந்ததும் ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் இந்த வட்டாரத்து ஜனங்களுடன் அவர்களுடைய பேச்சிலேயே, அவர்களுடைய விஷயங்களைப் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

சென்னையில் ரேடியோ உண்டு. 1938-ல் அது தொடங்கியது. மறு வருஷமே திருச்சி நிலையம் வந்தது. 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. சென்னையில் டெலிவிஷன் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஆரம்பமாயிற்று. இன்றோ தனியார் டெலிவிஷன்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கரிசல் காட்டில் இன்று மழை உண்டா, எந்த ஊரில் மருத்துவ முகாம், மருந்து கலக்கும் கொட்டகையில் எதைச் செய்யக்கூடாது என்பதை அவை தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவற்றின் உலகம் பெரிது. இருக்கன்குடி அதில் ஒரு புள்ளி.

இந்த இடத்தில்தான் ஒலிபரப்புப் படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளியை விட்டவர்களுக்கும் கல்லூரி

மைக் முன்னால் பேசுவதற்கு ஒரு படிப்பா என்று சிலர் கேட்கக்கூடும். படிப்புத்தான்! கண்ணால் படிப்பதற்கு எழுதுவது வேறு, காதால் கேட்பதற்கு எழுதுவது வேறு. பத்திரிகையில் புரியாத வாக்கியத்தைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். ரேடியோவில் போன வாக்கியம் போனதுதான். ஆகையால் சின்ன வாக்கியமாக எழுத வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், பதிவு செய்த பேச்சை எங்கே வெட்டி எங்கே ஒட்ட வேண்டும், எதைச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது என்பதெல்லாம் கற்றுத் தெரிய வேண்டியவை. டெலிவிஷன் என்றால் காமிராவும் விளக்கும் சேர்ந்துகொள்ளும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறைப் படிப்புகள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் படியை மிதிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? பன்னிரண்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் கொஞ்சநஞ்சம் அல்ல.

அவர்களுக்காக ஏற்பட்டதே சமுதாயக் கல்லூரி. இந்த யோசனைக்கு அமெரிக்காதான் பிறந்த வீடு. 1901-ல் அங்கே ஜோலியட் என்ற ஊரில் முதல் கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் வழிகாட்டியது. மறு ஆண்டே சென்னையில் ஒன்று தோன்றியது. பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. குறைந்த கட்டணம், குறைந்த காலம், கையில் ஒரு தொழில், அந்தத் தொழில் அந்தந்த வட்டாரத்துக்குத் தேவையானது. இவைதான் சமுதாயக் கல்லூரியின் நான்கு தூண்கள். தையலும் கம்ப்யூட்டரும் நர்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் ஒலிபரப்பையும் சொல்லிக் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

நீச்சல் பழகக் குளம் வேண்டும். ஒலிபரப்புப் பழக நிலையம் வேண்டும். ஒரு காலத்தில் ரேடியோ நிலையம் என்றால் அது அரசாங்கத்தின் ஏகபோகம். இந்த நிலையை மாற்றியது 1995-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று அது சொல்லிவிட்டது.

அதைத் தொடர்ந்து 2002-ல் கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நடத்த அனுமதி வந்தது. 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். முழங்கியது. இந்தியாவின் முதல் சமுதாய வானொலி என்ற பெருமை அதற்கு உண்டு. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008-ல் தெலுங்கானாவில் ஒரு கிராமத்தில் ஏழைத் தலித் பெண்களே சங்கம் ரேடியோ என்று ஒரு நிலையம் நடத்தத் தொடங்கினார்கள். இங்கே பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' பிறந்தது. கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றும் அலையும் எப்படி என்று அவனுடைய பாஷையிலேயே சொல்கிறது அது. இன்று நாட்டில் இப்படிச் சுமார் 500 நிலையங்கள் இருக்கின்றன.

பாம்பனில் கடல் ஓசை கேட்கும்போது, சாத்தூர்ப் பக்கம் கரிசல் ஓசை கேட்கக் கூடாதா?

ரேடியோ நெல்

ரேடியோ பேசினால் ஜனங்கள் கேட்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். 1960-களில் தஞ்சாவூர்ச் சீமையில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்கு விடாமல் எடுத்துச் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'! ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரைவிட அந்தப் பெயரே ஊருக்குள் நின்றது.

மழையை நம்பிய கரிசலுக்கும் பட்டாசை நம்பிய சிவகாசிக்கும் இப்படிச் சொல்ல வேண்டியவை ஏராளம். சொல்வதற்கு ஏற்ற தமிழும் இங்கேயே கிடக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தக் கரிசல் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். அந்தப் பேச்சில் ஒரு பெண் மைக்கில் பேசினால், தீப்பெட்டி ஒட்டும் பெண்ணும் வேலையை நிறுத்தாமல் காது கொடுப்பாள். பத்திரிகைக்குக் கண் வேண்டும், டெலிவிஷனுக்கும் கண் வேண்டும். கை வேலை செய்கிறவர்களுக்கு மிஞ்சியிருப்பது காது ஒன்றுதான்!

முதலிப்பட்டி சொல்லும் பாடம்

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதியைச் சிவகாசி மறக்காது. முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகள் அல்ல. முதல் சத்தம் கேட்டு, உதவி செய்யவும் என்னவென்று பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். அடுத்தடுத்து வெடித்ததில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் அதிகமானோர் உயிர் இழந்தார்கள். பட்டியல் அத்தோடு நிற்கவும் இல்லை.

"கிட்டே போகாதீர்கள், இன்னும் வெடிக்கும்" என்று பழகிய குரல் ஒன்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொல்ல ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதை மறுக்கவும் முடியாது. அந்தக் குரலை நம்ப வேண்டுமானால், அது ஆபத்து நாளில் மட்டும் வந்தால் போதாது. தினமும் காலையில் வீட்டுக்குள் வந்து பழகியிருக்க வேண்டும்.

கையைக் கட்டும் விதி

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. அரசியல் நடப்புகளைப் பற்றியும் பேசக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். "விலகி நில்லுங்கள்" என்று அதிகாரிகள் தரும் எச்சரிக்கையைச் சொல்லலாம். "இந்த விபத்து ஏன் நடந்தது? விதிகளை யார் மீறினார்கள்?" என்று மறுநாள் கேட்கத் துணிந்தால், அது செய்தி ஆகிவிடும்!

சின்னச் சின்ன நிலையங்களைக் கண்காணிப்பது கஷ்டம், நாட்டின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் என்று அரசாங்கத் தரப்பில் காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் கவலையை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் செல்போன் வைத்திருக்கும் எவரும் இன்று எந்த வதந்தியையும் ஒரு நொடியில் ஊரெல்லாம் பரப்பலாம். அதற்கு லைசென்ஸ் இல்லை. முறையாகப் பயிற்சி பெற்று, விலாசம் தெரிந்த கட்டிடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வாயை மட்டும் கட்டுவது என்ன நியாயம்?

சோறு போடுமா?

படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். உண்மையைச் சொன்னால், 100 வாட் சக்தியுள்ள ஒரு சமுதாய வானொலி நாலைந்து பேருக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியாது. விளம்பரத்துக்கு மணிக்கு 7 நிமிஷம் என்றிருந்ததை 2024-ல் 12 நிமிஷமாக உயர்த்தினார்கள். அது ஓரளவு கைகொடுக்கும். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து எப்.எம். நிலையங்கள், உள்ளூர்க் கேபிள் டெலிவிஷன், கல்யாண வீடியோ, யூடியூப் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் சினிமா நட்சத்திரம் ஆகலாம் என்ற ஆசை காட்டி மாணவரைச் சேர்க்கும் இடங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, பதிவு அறை உண்டா, மாணவர் கையில் மைக்கைக் கொடுக்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும். கரும்பலகையில் மட்டும் ஒலிபரப்புப் படித்தவனும், கரையில் நின்று நீச்சல் படித்தவனும் ஒன்றுதான்.

சமுதாய வானொலியின் சத்தம் சுமார் பத்துக் கிலோமீட்டர் எட்டும். இருக்கன்குடியில் கோபுரம் நட்டால் சாத்தூர் வரை கேட்கலாம். சிவகாசிக்கு வேறொன்று வேண்டும். இது குறை அல்ல. ஊருக்கு ஊர் குரல் மாறுவதே இதன் லட்சணம். அனுமதியைத் தனி மனிதர் கேட்க முடியாது. அரசியல் கட்சியும் கேட்க முடியாது. கல்வி நிலையங்களும் மூன்று வருஷம் தொண்டு செய்த பதிவு பெற்ற நிறுவனங்களும் கேட்கலாம்.

ஆகவே, வட்டாரத்துக் கல்லூரி ஒன்று முன்வந்து, பயிற்சி வகுப்பையும் ஒலிபரப்பு நிலையத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும். மாணவர்களே நிகழ்ச்சி தயாரிக்கட்டும். பட்டாசு ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செலவில் பங்கு ஏற்கட்டும். ஆனால் எதைப் பேசுவது என்று அவர்கள் உத்தரவு போடக் கூடாது. அரசாங்கம் செய்தித் தடையைத் தளர்த்தி, தொழில் விபத்தையும் தொழிலாளர் பாதுகாப்பையும் பற்றியாவது பேச விட வேண்டும்.

நாடெங்கும் தீபாவளியன்று சிவகாசியின் சத்தம் கேட்கிறது. சிவகாசிக்காரர்களின் குரல் என்றைக்குக் கேட்பது?