கண்டியார் எழுதிய எகிப்துக் கதை

ஈழத்து முதல் தமிழ் நாவல் எது என்று வினவினால், நம் மாணவர் 'அசன்பே சரித்திரம்' என்று தயங்காது விடை பகர்வர். ஆண்டு 1885. ஆசிரியர், கண்டியிற் பிறந்த நியாயதுரந்தரர் சித்திலெப்பை. அவ்வளவில் பாடம் முடிந்துவிடும். ஆயின் மலைநாட்டார் ஒருவர் தம் கதாநாயகனை மகாவலிக் கரையிலே பிறப்பிக்காது எகிப்திலே பிறப்பித்தது ஏன் என்று கேட்பார் அரியர்.

1882 செப்டம்பரில், தெல்-எல்-கபீர் என்னுமிடத்தில், எகிப்தின் தேசியப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. படைத்தலைவர் ஒறாபி பாஷாவும் அவர்தம் தோழர் அறுவரும் நாடு கடத்தப்பெற்று, 1883 ஜனவரியிற் கொழும்பில் வந்திறங்கினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரேதான் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். ஊரெங்கும் எகிப்துப் பேச்சாயிருந்த அக்காலத்தில், அவர் கதையும் அங்கே தொடங்கியதில் வியப்பென்ன?

வந்தோர் வெறும் போர்வீரர் அல்லர். எழுவருள் ஒருவரான மஹ்மூத் சாமி அல்-பாரூதி எகிப்தின் பிரதமராயிருந்தவர். அரபுக் கவிதைக்குப் புத்துயிர் அளித்த பெரும்புலவர். 'வாளுக்கும் எழுதுகோலுக்கும் தலைவர்' என்பது அவருக்கு வழங்கிய பெயர். சரந்தீப் என்று நம் தீவைக் குறித்து அவர் பாடிய பிரிவுத்துயர்ப் பாடல்களை அரபுலகம் போற்றுகிறது; இங்கேயோ அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 1899இல், கண்ணொளி குன்றிய நிலையிலே, அவர் தாயகம் மீண்டார்.

ஒறாபி பாஷாவின் நட்பு சித்திலெப்பைக்குப் பெருந்துணையாயிற்று. ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடும் என்று முஸ்லிம் பெற்றோர் பலர் அஞ்சிய காலம் அது. பள்ளிகள் பலவும் மிஷனரிமார் கையில் இருந்தமையால், அவ்வச்சத்தைப் பேதைமை என்று தள்ளவும் இயலாது. நியாயதுரந்தரர் ஒருவர் 'நவீனக் கல்வி வேண்டும்' என்றால், 'இவர் வெள்ளையர் பக்கம்' என்று ஒதுக்கிவிடலாம். வெள்ளையரோடு போர் செய்து நாட்டையே இழந்தவர் அதனைச் சொன்னால் எவ்வாறு ஒதுக்குவது? இருவரும், வாப்பிச்சி மரைக்கார் முதலிய பெரியோரும் முயன்றதன் பயனாக, 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு பள்ளி எழுந்தது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. கண்டியிற் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார் சித்திலெப்பை. அந்நாளில் இதுவே துணிவு மிகுந்த செயல் என்பது என் எண்ணம்.

ஒறாபி பாஷா 1892இற் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். 1901இல் எகிப்து திரும்பினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1898இல், சித்திலெப்பை காலமாகியிருந்தார். ஹல்லொலுவ வீதியிற் பாஷா வாழ்ந்த வீடு 1983இல் அவருடைய நினைவில்லமாக்கப்பட்டது. பேராதனையிற் பயிலும் மாணவர்க்கு அது அதிக தூரமன்று.