ஓவியம் வந்தது, ஓவியர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

1840ஆம் ஆண்டு முதல் 1848ஆம் ஆண்டு வரை இலண்டன் மாநகரில் ஒரு நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. ‘ஆஸ்திரேலியாவின் பறவைகள்’ என்பது அதன் பெயர். வெளியிட்டவர் ஜான் கூல்டு. ஏழு தொகுதிகள், 600 ஓவியங்கள். கோடுகள் கல்லச்சில் பதிந்தவை. வண்ணமோ ஒவ்வொரு படியிலும் கையால் தீட்டப்பட்டது. சந்தா கட்டி அதனைப் பெற்றவர்கள் சுமார் 250 பேர் மட்டுமே. அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் செல்வம் கொழித்த சங்கங்களும் அவர்களில் அடக்கம். இன்று அந்நூலின் முழுத் தொகுதி ஏலத்திற்கு வந்தால் விலை கோடி ரூபாயைத் தாண்டும்.

அந்த நூலை நான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். எங்கே என்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில், கடைசிப் பேருந்துக்காகக் காத்திருந்த வேளைகளில், கீறல் விழுந்த ஒரு கைப்பேசியில்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிரபுக்களின் அலமாரியில் பூட்டிக் கிடந்த ஒரு நூல் என் கைக்கு வந்து சேர்ந்ததை நான் சாதாரணமாக எண்ணவில்லை. 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ என்னும் இணைய நூலகம் இதுவரை ஆறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை இப்படித் திறந்து வைத்திருக்கிறது. அதன் ஆஸ்திரேலியப் பணியை மெல்போர்னில் உள்ள விக்டோரியா அருங்காட்சியகம் ஏற்று நடத்துகிறது. கட்டணம் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, எந்தக் கல்லூரி, எந்தச் சாதி, எந்த மொழி என்று கேட்பார் இல்லை. அறிவு பொதுவுடைமை ஆக வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இங்கே முழக்கம் ஏதுமின்றி அது நடந்தேறியிருக்கிறது.

சில நிறுவனங்கள் இன்னும் கதவைத் திறக்க மனமின்றி நிற்கின்றன. ஓவியர் இறந்து நூறாண்டு கடந்த பின்பும், அதனைப் புகைப்படம் எடுத்த உரிமை எமக்கு என்று கூறிக் கட்டணம் கேட்கின்றன. பழைய தட்டை ஓவியம் ஒன்றை அப்படியே படியெடுத்துவிட்டால் மட்டும் புதிய பதிப்புரிமை பிறந்துவிடாது என்ற கருத்தை 2023ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே அந்த வழக்கை நான் மீண்டும் வாதாட வேண்டியதில்லை. திறந்து விடுவதே முறை. என் கவலை வேறு. திறந்த கதவின் வழியே வந்த பொருளை நாம் என்ன செய்கிறோம் என்பதே அது.

நண்பர்களே! உங்கள் கைப்பேசியில் இத்தகைய படங்கள் நாள்தோறும் வந்து விழுகின்றன. கண்ணைப் பறிக்கும் கிளி ஒன்று. வரி போட்ட முதுகுடன் ஒரு விலங்கு. வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்ட விந்தைப் பிராணி ஒன்று. கீழே என்ன எழுதியிருக்கிறது? ‘பழங்கால ஓவியம். அழகு!’ அவ்வளவுதான். வரைந்தவர் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. எந்த நூல் என்பதில்லை. பல வேளைகளில் விலங்கின் பெயர் கூட இல்லை.

முன்னாளில் பழைய நூல் வணிகர் சிலரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் அது முற்றாக ஒழியவில்லை. இத்தகைய நூலை வாங்குவார்கள். கத்தி கொண்டு ஓவியத் தாள்களை மட்டும் அறுத்தெடுப்பார்கள். சட்டம் போட்டு ஒவ்வொன்றாக விற்பார்கள். முழு நூலைக் காட்டிலும் அதில் இலாபம் அதிகம். எஞ்சிய எழுத்துத் தாள்கள் குப்பைக்குப் போகும். கூல்டின் நூலில் ஒவ்வோர் ஓவியத்துக்கும் எதிரே ஓர் எழுத்துப் பக்கம் உண்டு. அந்தப் பறவை எங்கே கிடைத்தது, என்ன தின்கிறது, கூட்டை எப்படிக் கட்டுகிறது என்பனவெல்லாம் அதில் இருக்கும். படத்தை மட்டும் வெட்டி எடுத்து இணையத்தில் பரப்புகிறவர் செய்வது அதே அறுப்பு வேலைதான். கத்திக்குப் பதில் விரல், அதுவே வேறுபாடு.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்பீர்கள். எலிசபெத் கூல்டு என்னும் பெண்மணியைக் கேளுங்கள்.

அவர் ஜான் கூல்டின் மனைவி. விலங்கியல் மாணவராகிய நாம் தேர்வுக்கு உருப்போடும் ‘டார்வினின் குருவிகள்’ இருக்கின்றனவே, பீகிள் கப்பற்பயணத்தின் விலங்கியல் நூலில் அவற்றை வரைந்தவர் இவரே. பறவைகள் பகுதியின் 50 ஓவியங்களும் இவர் கைவண்ணம். பாடநூலில் டார்வின் பெயரைப் படித்தோம். இவர் பெயரைப் படித்தோமா? 1838இல் மூன்று இளங்குழந்தைகளை இங்கிலாந்தில் தம் தாயிடம் விட்டுவிட்டு, மூத்த மகனோடும் கணவனோடும் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறையில் இறங்கினார். கணவர் காடுமேடெல்லாம் அலைந்து பறவை திரட்ட, இவர் அமர்ந்து வரைந்தார். அங்கேயே இன்னொரு மகனையும் பெற்றெடுத்தார். 1840இல் ஊர் திரும்பினார். 1841 ஆகஸ்டில், எட்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பின் கண்ட காய்ச்சலில் உயிர் நீத்தார். வயது 37. நூல் முற்றுப்பெற இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. அதன் 600 ஓவியங்களில் 84 இவருடையவை. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை எச். சி. ரிக்டர் என்பவருடையவை.

ஓவியத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘ஜே. அண்ட் ஈ. கூல்டு’ என்றிருக்கும். ஒரு வாழ்நாள் உழைப்புக்கு அந்த ‘ஈ’ என்னும் ஓரெழுத்தே சாட்சி. படத்தின் ஓரத்தை வெட்டினால் அந்த ஓரெழுத்தும் போய்விடும்! வெட்டாதவர்களும் ‘ஜான் கூல்டின் ஓவியம்’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. அவர் பறவையியல் அறிஞர்; தேர்ந்த வணிகர்; முதல் கோட்டுருவம் பலவற்றுக்கும் அவரே பொறுப்பு. ஆனால் கல்லின் மேல் குனிந்து இறகு இறகாக வரைந்தது வேறு கை. வண்ணம் தீட்டியதோ இன்னும் வேறு கைகள். பேபீல்டு என்பவரின் மேற்பார்வையில் கூலிக்கு அமர்ந்து தீட்டிய அந்தக் கைகளுக்கு ஓரெழுத்துக் கூட இல்லை.

என் தந்தையார் சாயப் பட்டறைத் தொழிலாளி. பெர்டினாண்டு பவர் என்ற ஓவியரின் பென்சில் வரைவுகளை ஒரு நாள் அவரிடம் காட்டினேன். பவர் 1801இல் மாத்தியூ பிளிண்டர்சின் கப்பலில் ஆஸ்திரேலியா போனவர். அலைமோதும் கப்பலில் அமர்ந்து வண்ணம் தீட்ட முடியுமா? அவர் ஒரு வழி கண்டார். உருவத்தைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் நிறத்துக்கு ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். ஆயிரத்தை ஒட்டிய எண்கள்! ஊர் திரும்பிய பின் எண்ணைப் பார்த்து வண்ணம் சேர்த்தார். என் தந்தையார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எங்க ஷேடு கார்டு மாதிரியே நம்பர் போட்டிருக்கானே, கெட்டிக்காரன்! யாருப்பா இவன்?” என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நல்ல வேலையைக் கண்டவுடன் அவர் கேட்ட கேள்வி, செய்தவன் யார் என்பதே. அந்தக் கேள்விக்குப் படத்தோடு விடையும் வர வேண்டும் என்பதே என் வாதம்.

ஓவியர் பெயர் போனால் ஒரு மனிதருக்கு அநீதி. ஆண்டு போனால் அறிவியலுக்கே அநீதி. 1772இல் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் கங்காருவை வரைந்தார். அவர் உயிருள்ள கங்காருவைப் பார்த்ததே இல்லை. ஜோசப் பேங்க்ஸ் கொண்டுவந்த தோலை ஊதிப் பெருக்கி வைத்து வரைந்தார் என்பர். அதனால் அந்த விலங்கு ஏதோ பெரிய எலியைப் போலத் திரும்பிப் பார்க்கிறது. இந்தக் கதை தெரிந்தவனுக்கு அது ஓர் அரிய ஆவணம். தெரியாதவனுக்கு அது தவறான பாடம்.

டாஸ்மேனியப் புலியின் கதை இதனினும் துயரமானது. தைலசின் என்பது விலங்கியல் பெயர். புலி அன்று, கங்காருவைப் போல் வயிற்றில் பை கொண்ட இனம். 1845 முதல் 1863 வரை வந்த ‘ஆஸ்திரேலியாவின் பாலூட்டிகள்’ நூலில் ரிக்டர் வரைந்த அதன் முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்நூலின் எழுத்துப் பக்கத்தில், தீவில் மக்கள் குடியேற்றம் பெருகினால் இவ்விலங்கு பழங்கதை ஆகிவிடும் என்று கூல்டு முன்னறிந்து எழுதினார். நடந்தது என்ன? ஆடுகளைக் கொல்கிறது என்று சொல்லி 1888இல் டாஸ்மேனிய அரசு தலைக்கு ஒரு பவுன் பரிசு அறிவித்தது. 1909 வரை 2,184 தலைகளுக்குப் பரிசு வழங்கிற்று. 1936 ஜூலை 10ஆம் நாள் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அடுத்த 59ஆம் நாள், செப்டம்பர் 7இல், ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இருந்த கடைசி விலங்கு மாண்டது. பின்னாளில் கூல்டு நூலின் இப்படமே டாஸ்மேனியாவின் பழைய பீர் ஆலை ஒன்றின் புட்டிச் சீட்டில் ஏறியது. எழுத்துப் பக்கத்தை விட்டுப் பிரிந்த ஓவியம் எங்கெல்லாம் போய்ச் சேரும் பாருங்கள்! ‘அழகு’ என்று மட்டும் எழுதி இதைப் பகிர்கிறவர், இழவு வீட்டில் மாட்டிய படத்தைப் பார்த்துச் சட்டம் நன்றாயிருக்கிறது என்று சொல்பவரை ஒப்பர்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். “தம்பி, இவை எல்லாம் பிறர் மண்ணைப் பிடித்தவர்கள், சுட்டு வீழ்த்திய பறவைகளை வைத்து வரைந்தவை. அம்மண்ணின் மக்களை அழித்தவர்களின் ஆல்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்றார். கூரிய கேள்வி. பல நாள் சிந்தித்தேன். அவர் கூறிய குற்றச்சாட்டு உண்மை; ஆனால் அதற்கு மருந்து படத்தை மறைப்பதன்று, முழுப் பக்கத்தையும் காட்டுவதே என்பது என் துணிபு. ஏனெனில், அந்த எழுத்துப் பக்கத்தைத் திறந்தால் பல பறவைகளின் இலத்தீன் பெயருக்குக் கீழே அம்மண்ணின் பழங்குடி மக்கள் வழங்கிய பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. கூல்டுக்காக மேற்கிலும் வடக்கிலும் அலைந்து, 1845இல் பயணத்திலேயே ஈட்டிக்கு இரையான ஜான் கில்பர்ட் அம்மக்களிடம் கேட்டுக் குறித்த பெயர்கள் அவற்றுள் பல. சிட்னியில் முதல் குடியேற்றக் காலத்தில் வரையப்பட்டு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள வாட்லிங் தொகுப்பிலும் இவ்வாறே உள்ளூர்ப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. படத்தை வெட்டினால் முதலில் அழிவது வெள்ளையரின் பெயரன்று, இவர்களின் சொல்தான்.

அந்தச் சொற்கள் நமக்கு அந்நியம் என்று எண்ணாதீர்கள். கங்காரு என்று நம் ஊர்க் குழந்தையும் சொல்கிறது. அது 1770இல் எண்டவர் ஆற்றங்கரையில் கூகு இமிதிர் மக்களின் வாயிலிருந்து கேட்டு எழுதிய சொல். கோலா, டிங்கோ, வாம்பட் ஆகியவை சிட்னிப் பகுதிப் பழங்குடியினரின் சொற்கள். பிளாட்டிபஸ் முட்டையிடுமா இடாதா என்று ஐரோப்பியப் பேரறிஞர்கள் எண்பத்தைந்து ஆண்டுகள் சண்டையிட்டனர். 1884இல் கால்டுவெல் என்ற ஆய்வாளர் (நம் திராவிட மொழி நூல் கால்டுவெல் அல்லர்!) குவின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் அதற்கு முடிவு கண்டார். அவருக்காக ஆற்றோரம் முழுதும் தேடித் திரட்டித் தந்தவர்கள் பழங்குடி மக்கள். பாடநூலில் கால்டுவெல் உண்டு, அவர்கள் இல்லை.

“படத்தைப் பார்த்து மகிழ்ந்தால் போதாதா? இவ்வளவு பாரத்தை ஏன் ஏற்றுகிறாய்?” என்பான் என் வகுப்புத் தோழன். மகிழ்ச்சிக்கு நான் பகைவன் அல்லன். ஆனால் நான் கேட்பது பாரமே அன்று, ஒரே வரி. விலங்கு, ஓவியர், நூல், ஆண்டு. ‘தைலசின், எச். சி. ரிக்டர், ஆஸ்திரேலியாவின் பாலூட்டிகள், 1845–1863.’ தட்டச்சு செய்ய அரை நிமிடம். அதைத் தமிழிலும் போட்டால் என் தந்தையாரைப் போன்றவர்களும் படிப்பார்கள்.

இணைய நூலகத்தார் தங்கள் படங்களைப் பொதுத்தளத்தில் ஏற்றியபோது, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஒவ்வொரு படத்திலும் இருக்கும் உயிரினம் எது, வரைந்தவர் யார் என்று தேடிக் குறித்துக் கொடுத்தார்கள். சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் நடத்தும் ‘டிஜிவால்’ தளத்தில் பழைய குறிப்பேடுகளையும் மாதிரிச் சீட்டுகளையும் வீட்டிலிருந்தே படித்துப் பெயர்த்தெழுதலாம். பட்டம் கேட்பதில்லை. ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். நம் விலங்கியல் மன்றம் ஆண்டுதோறும் ஒரு பேச்சுப் போட்டியும் ஒரு கோலப் போட்டியும் நடத்தி ஓய்ந்துவிடுகிறது. கணினி ஆய்வகம் மாலை நான்கு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் திறந்து விட்டால் பத்துப் பேரைத் திரட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். நான்கு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். மன்றத் தலைவரின் கையொப்பம் ஒன்றே பாக்கி.