ஊர்க் கிணறும் உயர் கல்வியும்

ஒரு கல்லூரியின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? இத்தனை பேர் பட்டம் பெற்றனர், இத்தனை பேர் அயல்நாடு சென்றனர் என்று ஆண்டு விழா மேடைகளில் கணக்கு வாசிக்கிறார்கள். நாம் வேறொரு கணக்குக் கேட்கிறோம். அக்கல்லூரி நிற்கும் ஊரின் கிணற்று நீர் குடிக்கத் தக்கதா? அதனை அக்கல்லூரி ஊராருக்குச் சொல்லியிருக்கிறதா?

பழைய வடார்க்காட்டுப் பாலாற்றங்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் 1965இல், தோல் வணிகப் பெருவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. வணிகச் செல்வம் கல்வியாய் மலர்ந்தது சமுதாயத்திற்குப் பெருமையே, மறுப்பார் இல்லை. ஆயினும், உப்பும் குரோமியமும் சுமந்த தோற்கழிவு அதே மண்ணில்தான் இறங்கிற்று.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தது. அதன்முன் வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த கணக்கெடுப்பு. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டது என்று அது கூறிற்று. வாயற்ற உழவனுக்காக வழக்காடியது ஒரு பல்கலைக்கழகத்தின் உழைப்பு. ஊருக்கு உதவும் கல்வி என்பது இதுவன்றோ!

“நீரைச் சோதிப்பது அரசின் கடமை, பாடம் நடத்துவதே கல்லூரியின் கடமை” என்பர் சிலர். அரசு ஒன்றே போதுமென்றால், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது ஏன்? “தொழிலுக்குக் கேடு வரும்” என்பர் வேறு சிலர். நோயை மறைப்பது நோயாளியைக் காப்பதாகாது. தொழிலாளியின் பிள்ளையும் முதலாளியின் மண்ணிலேயே வளர்கிறது.

மதரஸாவில் நாங்கள் ஓதும் ஃபிக்ஹு நூல்கள் நீரின் சட்டத்தோடு தொடங்குகின்றன. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறினவா என்று பார்க்கக் கற்கிறோம். ஆனால், நீரில் சிறிதளவே கரைந்திருக்கும் குரோமியத்தைக் கண்ணும் நாவும் அறிய இயலாது. ஆலிமின் அறிவு நிற்கும் அவ்விடத்தில் வேதியியல் பேராசிரியரின் அறிவு தொடங்குதல் வேண்டும்.

ஆய்வேடுகள் எழுதப்படலாம், அலமாரியில் அடங்கும் ஏடு ஊராரின் தாகத்தைத் தணிக்காது. ஆண்டுதோறும் மாணவர்கள் மஹல்லாதோறும் கிணற்று நீரை எடுத்துச் சோதிக்கட்டும். அதே கிணறுகளை மறு ஆண்டும் சோதிக்கட்டும். கண்ட முடிவைத் தமிழிலும் உருதுவிலும் எழுதிப் பள்ளிவாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டட்டும். கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு என்று நிலத்தடி நீர் பிரிந்து ஓடுவதில்லை; சோதனையும் பிரித்துச் செய்யலாகாது.

பயன் தராத அறிவினின்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் காவல் தேடினார்கள். ஆய்வுக்கூடத்தின் கதவை ஊருக்குத் திறவாத கல்லூரிகள் அந்த இறைஞ்சுதலின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.