வாங்கித் தருவதற்கு முன் செய்ய விடுங்கள்

கடந்த பெருநாள் விடுமுறையில் எங்கள் வீட்டு மேசை மின்விசிறி நின்றுபோனது. "விடுங்க மகள், புதுசு ஒண்டு வாங்குவம்" என்றார் வாப்பா. "கரண்ட் சாமானில கை வைக்காத" என்றார் உம்மா. நான் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே சுழலும் தண்டில் தலைமுடியும் தூசும் சுற்றி இறுகிக் கிடந்தன. அவற்றை எடுத்துத் துடைத்து, உம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். விசிறி சுழன்றது.

அன்றிரவு அந்தக் காற்றில் படுத்திருந்தபோது எனக்கு உண்டான சந்தோசம், புதிய விசிறியால் ஒருபோதும் கிடைத்திருக்காது. ஒரு விசிறிக்கே இப்படியென்றால், ஒரு முழு விமானத்தையே வீட்டில் தன் கையால் கட்டி, அதில் ஏறிப் பறப்பவருக்கு எப்படி இருக்கும்?

இது கற்பனையல்ல. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்கு அருகே வாழ்ந்த லிலியன் பிளாண்ட் என்ற பெண் 1910ஆம் ஆண்டிலேயே இதைச் செய்தார். அவர் பொறியியலாளர் அல்லர். பத்திரிகைகளுக்கு எழுதியவர், புகைப்படம் எடுத்தவர். 1909இல் அவருடைய மாமா பாரிஸிலிருந்து ஒரு தபாலட்டை அனுப்பினார். அதில் புளேரியோவின் விமானப் படம் இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பூலில் நடந்த விமானக் கண்காட்சிக்குப் போன லிலியன், அங்கு நின்ற விமானங்களின் அளவுகளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

முதலில் ஒரு சிறிய மாதிரியைச் செய்தார். அது பறந்தது. பின்னர் மூங்கிலும் மரச் சட்டங்களும் கொண்டு எஞ்சின் இல்லாத முழு அளவு விமானத்தைக் கட்டினார். சிறகுகளுக்குப் போர்த்திய துணியில் ஈரம் ஊறாதிருக்க ஜெலட்டினும் போமலினும் கலந்து தானே பூசினார். அதற்கு 'மேஃபிளை' என்று பெயர். அது ஒரு பூச்சியின் பெயர். ஆங்கிலத்தில் 'பறக்கலாம்' என்றும் பொருள்படும். பறக்காமலும் போகலாம் என்ற கேலி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

எஞ்சினின் பாரத்தைச் சிறகுகள் தாங்குமா? அதை அறிய நான்கு பொலிஸ்காரர்களையும் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்த பையனையும் விமானத்தில் தொங்கவிட்டார். காற்று அவர்களையும் சேர்த்துத் தூக்கியது. அதன் பிறகுதான் 20 குதிரைவலு எஞ்சினை வாங்க இங்கிலாந்துக்குப் போனார். எஞ்சின் வந்தது, எரிபொருள் தாங்கி வரவில்லை. அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு வெற்றுப் போத்தலையும், காது மந்தமான தன் மாமி பயன்படுத்திய கேட்கும் குழலையும் வைத்து எரிபொருளை ஊற்றி எஞ்சினை இயக்கிப் பார்த்தார்! 1910 ஆகஸ்டில் ரண்டல்ஸ்டவுன் என்ற இடத்தில் மேஃபிளை ஏறத்தாழ 30 அடி உயரத்தில் கால் மைல் தூரம் பறந்தது.

கால் மைல் என்பது எங்கள் பாடசாலை மைதானத்தை ஒருமுறை சுற்றும் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்தபோது எந்தக் கம்பி எதை இழுத்துப் பிடிக்கிறது, எந்த நட்டு எங்கே இறுகியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் விமானம் கட்டுபவரின் திருப்தி இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கிய பொருள் எங்களுக்குச் சொந்தமாகிறது. செய்த பொருளோ எங்களுக்கு விளங்குகிறது.

அமெரிக்கச் சட்டம்கூட இந்தத் திருப்தியை மதிக்கிறது. தனிநபர் கட்டும் விமானத்துக்கு அங்கே அனுமதி கிடைக்க, வேலையின் பெரும்பகுதியை அவரே தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். பணம் கொடுத்துப் பிறரைக் கொண்டு கட்டுவித்தால் அந்தப் பிரிவில் இடமில்லை. கட்டியவர் உரிய சான்றிதழைப் பெற்று, அந்த விமானத்தின் வருடாந்தச் சோதனையைத் தானே செய்யவும் முடியும்.

இனி, பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். லிலியனின் தகப்பனார் பயந்தார். பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தச் சிறிய விமானம் இதைவிடப் பெரிய எஞ்சினைத் தாங்காது என்பது லிலியனுக்கும் தெரிந்திருந்தது. அவர் காரைப் பெற்றுக்கொண்டார். விமானம் கட்டுவதை அத்தோடு விட்டார்.

அந்தத் தகப்பனை நான் குறை சொல்லவில்லை. அதே 1910 ஜூலையில்தான் சார்ள்ஸ் ரோல்ஸ் என்ற புகழ்பெற்ற விமானி விழுந்து இறந்தார். பிள்ளை மீது அன்புள்ள எவருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் மேஃபிளைக்குப் பிறகு லிலியன் எதைக் கட்டியிருப்பார் என்ற கேள்விக்கு இனி யாராலும் விடை சொல்ல முடியாது.

எங்கள் வீடுகளிலும் இந்தப் பேரம் நடக்கிறது. "அது ஆம்பிளப் புள்ளைட வேல, விடு, இதை வாங்கித் தாறன்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எங்களில் எத்தனை பேர் ஒரு குறட்டைக் கையில் பிடித்திருக்கிறோம்? சிறகின் மேலுதைப்பைப் பற்றிய கணக்கைப் பிழையில்லாமல் செய்வோம். வீட்டுப் பிளக்கில் கழன்ற வயரைப் பூட்ட, சின்னத் தம்பியைக் கூப்பிடுவோம்.

விமானம் கட்ட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். லிலியனும் மாதிரி, எஞ்சின் இல்லாத விமானம், பாரச் சோதனை, எஞ்சின் என்று படிப்படியாகத்தான் போனார். தன் கையால் செய்பவள் அவசரப்பட முடியாது. பிழை விட்டால் அவளே திருத்த வேண்டும் என்பதால் கவனம் தானாக வருகிறது.

தோழியரே, நாங்களும் கேட்கப் பழக வேண்டும். வீட்டில் அடுத்த முறை ஏதாவது பழுதானால், "நான் ஒருக்கா பார்க்கட்டா?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டு விசிறி இப்போது லேசாகச் சத்தம் போடுகிறது. ஒரு திருகாணியை நான் சரியாக இறுக்கவில்லை. நேற்று வாப்பா அதைக் கேட்டுவிட்டு, கடைக்குப் போகாமல், திருகாணிச் சாவியை எடுத்து என் கையில் தந்தார்.