மட்டிக்குக் குறியீடு கிடைத்தது, விலை கிடைத்ததா?

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால், உங்கள் தார் நாகர்கோவில் அப்டா சந்தையில் இறங்கும்போது அந்தக் குறியீட்டுக்காக யாராவது ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்களா?

ஊர்ப் பெயரை விலையாக்கத் தெரிந்தவர்கள் பிரான்ஸ் நாட்டுத் திராட்சை விவசாயிகள். அங்கே ஒயின் பாட்டிலில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும். ‘ஷாப்லி’ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஷார்டனே ரகம் மட்டுமே. பர்கண்டி சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் பினோ நுவார். எந்த ஊரில் எந்த ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு மகசூல் என்பதற்கெல்லாம் விதி உண்டு. 1935-ல் வந்த சட்டம் இதற்கு அடித்தளம். வரம்பை மீறி விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. மகசூலைக் கூட்டச் சொல்லியே பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது விசித்திரம்தான்!

இந்தக் கண்டிப்பு இன்று நேற்று வந்ததல்ல. 1395-ல் பர்கண்டி கோமகன் பிலிப், அதிகம் காய்க்கும் கமே ரகத்தைப் பிடுங்கி எறிய உத்தரவிட்டார். அதே கமே, தெற்கே போஜலே பகுதியின் கருங்கல் மண்ணில் தனிப்பெயர் எடுத்தது. மண்ணுக்கேற்ற ரகம் என்பது இதுதான்.

மட்டியும் அப்படியே. கல்குளம், விளவங்கோடு பகுதியில் விளையும் மட்டியின் மணமும் இனிப்பும் வேறு மண்ணில் அப்படியே வருவதில்லை. ஆனால், மட்டியிலேயே தேன் மட்டி, நெய் மட்டி, கல் மட்டி, சுந்தரி மட்டி என்று பல வகை உண்டு. கல் மட்டியின் சதையில் கல் போன்ற துகள்கள் தட்டுப்படும். எல்லாவற்றையும் ஒரே குவியலில் விற்றால், முதல்முறை வாங்கும் வெளியூர்க்காரர் எந்தச் சுவையைத் தேடி மறுபடி வருவார்? என் கணிப்பில், நமக்கு விலை நழுவும் இடம் இதுதான்.

இன்னொன்று, குறியீட்டைப் போட்டு விற்கும் உரிமை எல்லோருக்கும் தானாக வந்துவிடாது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நீங்கள் பதிய வேண்டும். தனியாக அலைய வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் பலரின் விண்ணப்பங்களைச் சேர்த்துத் தயாரிக்கலாம். விரிவாக்கப் பணியாளர்கள் இதற்குக் கைகொடுக்கலாம்.

அடுத்த நடவுக்குக் கன்று எடுக்கும்போதே தாய்மரத்தின் வகையைப் பார்த்துக் குறித்து, வகைவாரியாகத் தனி வரிசையில் நடுங்கள். தாரையும் கலக்காமல் வெட்டிச் சந்தைக்கு அனுப்புங்கள்.