பங்கு கேட்கிறாள், பிச்சை அல்ல!

பவானிக் கூடுதுறையிலிருந்து கூப்பிடு தூரத்திலே தறியோசை கேட்கிறது. கணவன் ஜமக்காளம் நெய்கிறான். மனைவி ராட்டையிலே தார் சுற்றித் தருகிறாள். பாவும் ஊடையும் பின்னிப் பிணைந்த பிறகே ஜமக்காளம்! ஆனால், கூலியை எண்ணி வாங்குவது ஒரு கை. வீட்டுப் பத்திரத்திலே ஏறுவது ஒரு பெயர். அது அவன் பெயர்!

அந்த இணை பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு யாருக்கு? "பத்திரத்தைக் காட்டு" என்கிறது சட்டம். தார் சுற்றித் தேய்ந்த விரலை அவள் காட்டுகிறாள். விரலிலே ரேகை உண்டு. பத்திரத்திலே அந்த ரேகைக்கு இடமில்லை!

சட்டம் அவளுக்கு ஏதும் தரவில்லையா? தருகிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஜீவனாம்சம் தருகிறது. 27ஆம் பிரிவு, மணத்தையொட்டி இருவர்க்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றிப் பேசுகிறது. சீதனம் மனைவிக்கே உரியது என்று உச்சநீதிமன்றம் 1985லேயே தீர்ப்பளித்தது. ஆக, மணநாளில் கொணர்ந்த குத்துவிளக்குக்குக் கணக்கு உண்டு. அதன்பின் இருபதாண்டு எரிந்த வாழ்வுக்குக் கணக்கில்லை! ஜீவனாம்சம் கேட்பவளைக் கையேந்த வைக்கிறோம். பங்கு கேட்பவளோ நிமிர்ந்து நிற்பாள்.

"அடுப்படி வேலையும் சம்பாத்தியமோ?" என நகைப்போர்க்கு, 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் விடை தந்தது. கணவன் சவூதியிலே உழைத்துப் பணம் அனுப்பினான். மனைவி இங்கே குடும்பத்தைக் காத்தாள். அவளது இல்லற உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்பே, ஆகவே அவளுக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. வெளிச்சந்தான்! ஆனால் ஒரு வழக்கின் வெளிச்சம். வழக்காடப் பணமில்லாதவள் வாசலுக்கும் அது எட்டவேண்டுமெனில், சட்டமே வேண்டும்.

மணமுறிவின்போது மனைவிக்குச் சொத்திலே பங்கு தரும் மசோதாவை 2013இல் மாநிலங்களவை ஏற்றது. 2014இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் மாண்டது. கோவாவிலோ, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியர்க்குச் சொத்து பொது. பிரிந்தால் பாதிப் பாதி. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சட்டம் அது. அதனால் அங்கே இல்லறம் இடிந்து வீழ்ந்துவிட்டதா?

"விட்டுப் போகிறவளுக்கும் பாதியா?" என்று பதறுவோர் உண்டு. வரம்பு கூறுவோம். மணத்துக்கு முன் இருந்தது அவரவர்க்கு. முன்னோர் தந்ததும் அவரவர்க்கு. கூடி வாழ்ந்த காலத்திலே சேர்த்தது இருவர்க்கும். பட்ட கடனும் இருவர்க்கும்! மனைவி சம்பாதிக்க, கணவன் வீட்டைக் காத்திருந்தால், அவனுக்கும் இதே நீதி. இது பெண்ணுக்குக் காட்டும் சலுகையன்று. உழைப்புக்குத் தரும் மரியாதை.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம், குடும்பச் சொத்திலே மகளுக்கும் பங்கு உண்டு என்றது. மகளுக்கு அறுபதாண்டு காக்க வைத்தோம். மனைவியை இன்னும் எத்தனை ஆண்டு காக்க வைப்பது?

பவானித் தறியைக் கேளுங்கள். ஊடையின்றிப் பாவு மட்டும் ஜமக்காளமாகாது என்று அது சொல்லும்!